நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் வீடு சிக்கினால்: 3ஏ அறிவிக்கை முதல் நடுவர் விசாரணை வரை

நாலு பேர் அளவைக் கருவியோடு தெருவுக்குள் வருகிறார்கள். காம்பவுண்டு சுவரில் சிவப்பு பெயின்ட்டால் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண். கேட்டால் "சும்மா சர்வேதான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முப்பது நாற்பது வருடம் ஒரே இடத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு நெடுஞ்சாலை விரிவாக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது.

அன்று மாலையே தெருவில் இரண்டு விதமாகப் பேச்சு கிளம்பும். "கவர்மென்ட் முடிவு பண்ணிட்டா நம்மால ஒண்ணும் ஆகாது" என்று ஒரு சாரார். "கோர்ட்ல ஸ்டே வாங்கிடலாம், கவலைப்படாதீங்க" என்று இன்னொரு சாரார். முதல் பேச்சை நம்பினால் ஆட்சேபிக்க வேண்டிய நாள் கைவிட்டுப் போகும். இரண்டாவதை நம்பினால் வக்கீல் செலவு ஏறும், அதற்குள் நிலம் அரசுப் பெயருக்குப் போயிருக்கும். சட்டத்தில் வீட்டுக்காரருக்கு உள்ள வாய்ப்புகள் குறைவு. ஆனால் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கெடு இருக்கிறது. வீட்டையே காப்பாற்ற நினைப்பவர் ஆரம்பத்திலேயே முந்திக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற வாய்ப்புகள் எல்லாம் பணத்தைப் பற்றியவைதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்பவர்களையும் குடியிருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். ஆவணங்களும் அலுவலகங்களும்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள்?

கையில் ஒரு காகிதம் வந்தால் முதலில் அதன் தலைப்பைப் படியுங்கள். அங்கே எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956 என்று இருந்தால் மத்திய அரசுக்காக நிலம் எடுக்கப்படுகிறது. சாலையைப் போடுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையமாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவாகவும் இருக்கலாம். உங்கள் மனுவை வாங்கி முடிவெடுப்பவர் 'தகுதி வாய்ந்த அலுவலர்'. நம் மாவட்டங்களில் பெரும்பாலும் நிலமெடுப்புக்கான சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். சாலை போடும் நிறுவனத்துக்கு மனு எழுதிவிட்டு இவருக்கு எழுதாமல் விட்டால், சட்டப்படி நீங்கள் ஆட்சேபிக்கவே இல்லை என்றுதான் கணக்கு.

தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 என்று இருந்தால் அது மாநிலச் சாலை. 15ஆம் பிரிவின் கீழ், அரசிதழில் வெளியிடும் முன்பே உரிமையாளரிடம் "ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். "அந்தச் சட்டத்தைத்தான் ஹைகோர்ட் ரத்து செஞ்சிடுச்சே" என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து அதை உயிர்ப்பித்தது, 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே ரத்தான சட்டம் என்று நினைத்து நோட்டீஸை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வகை, 'ஆக்கிரமிப்பு' என்று வரும் நோட்டீஸ். இதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. ஏனென்றால் இதில் உங்கள் நிலத்தை எடுப்பதாகச் சொல்லவில்லை, சாலை நிலத்தில் நீங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இழப்பீடு என்ற பேச்சே வராது. பட்டா நிலத்தில் உள்ள வீட்டுக்குக்கூடச் சில சமயம் இப்படி வந்துவிடுகிறது, பழைய சாலை எல்லை எது என்று சரியாக அளக்காததால்.

உத்தரப் பிரதேசத்தின் மகாராஜ்கஞ்சில் 2019இல் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு பத்திரிகையாளரின் வீட்டை முறையான எழுத்து நோட்டீஸ் இல்லாமல் இடித்தார்கள். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அதோடு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு வரிசையை வகுத்தது. முதலில் பதிவேட்டிலும் வரைபடத்திலும் சாலையின் தற்போதைய அகலம் என்ன என்று பார்க்க வேண்டும். அதை வைத்து இடத்தை அளந்து ஆக்கிரமிப்பு உண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். இருந்தால் எழுத்தில் நோட்டீஸ். எதிர்த்து மனு கொடுத்தால் காரணம் சொல்லி ஆணை. மனு தள்ளுபடியானால் காலி செய்ய நியாயமான அவகாசம். இருக்கும் அகலம் போதவில்லை, தனியார் நிலம் வேண்டும் என்றால் சட்டப்படி நிலமெடுப்பு செய்துதான் எடுக்க வேண்டும். உங்களுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தால் இந்த வரிசையைக் குறிப்பிட்டு, "பதிவேட்டின்படி சாலையின் அகலம் எவ்வளவு, என்றைக்கு அளந்தீர்கள், அளவை வரைபடத்தின் நகல் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

அதே நவம்பர் 13ஆம் தேதி, முறையின்றி வீடுகளை இடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 'புல்டோசர் தீர்ப்பு' வேறு. அதில் சொன்ன 15 நாள் நோட்டீஸ் விதி சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

காகிதங்கள்

சர்வே என்று ஆள் வந்த அன்றே இந்த வேலையைத் தொடங்கலாம், அறிவிக்கை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை அரசின் இ-சேவைத் தளத்திலேயே எடுத்துவிடலாம். நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டுப் பகுதியையும் எடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று. வீட்டுக்குள் இருக்கும் தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாம் ஒரு கோப்பில்.

இந்தக் கோப்பைத் திறக்கும்போது பழைய குடியிருப்புகளில் ஒரு சிக்கல் அடிக்கடி வெளிப்படும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அப்பா இறந்து பல வருடம் ஆகியிருக்கும், அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்திருக்கவே மாட்டார்கள். நாளைக்கு இழப்பீடு வரும்போது யாருக்கு எவ்வளவு என்று தகராறு எழுந்தால், தகுதி வாய்ந்த அலுவலர் அந்தப் பங்குப் பிரச்சினையைத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3எச் பிரிவின்படி மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். வீடு இடிபட்டிருக்கும், பணம் நீதிமன்றத்தில் முடங்கிக் கிடக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்குவது, குடும்பத்துக்குள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது, பட்டா மாற்றத்துக்கு மனு போடுவது, இந்த மூன்றையும் இப்போதே செய்யுங்கள். கசப்பான பேச்சுதான், ஆனால் பணம் வந்த பிறகு பேசுவதைவிட இப்போது பேசுவது எளிது.

அப்புறம் புகைப்படம். வீட்டின் நான்கு பக்கமும், உள்ளே ஒவ்வோர் அறையும், கிணறு, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, தென்னை, மா, எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். கட்டட மதிப்பீட்டுக்கு வருபவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். அவர் எழுதாமல் விட்டதைப் பிற்பாடு நிரூபிக்க உங்களிடம் இருப்பது இந்தப் படங்கள்தான்.

3ஏ அறிவிக்கையைப் படிப்பது எப்படி

"இந்த நிலங்களை எடுக்க உத்தேசம்" என்று தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு அரசிதழில் வெளியிடுவதுதான் 3ஏ அறிவிக்கை. அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்: வீடு வீடாக வந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டத்தில் சட்டம் சொல்லவில்லை. தபால் வரும் என்று காத்திருப்பவருக்கு எதுவும் வராமலே கெடு முடிந்துவிடும். மின் அரசிதழ்த் தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பைத் தெருவில் கணினி பழக்கம் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருங்கள்.

அறிவிக்கையின் அட்டவணையில் கிராமம், புல எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு என்று வரிசையாக இருக்கும். பரப்பு ஹெக்டேரில் போட்டிருப்பார்கள். 0.0085 என்று பார்த்ததும் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், ஆக அது 85 சதுர மீட்டர். சுமார் 915 சதுர அடி, நம் கணக்கில் 2 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு நடுத்தர வீட்டின் முன்பாதி முழுவதும் அதற்குள் போய்விடும்! புள்ளிக்குப் பின்னால் எத்தனை சுழியம் என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள்.

வகை என்ற கட்டத்தையும் விடாதீர்கள். வீடு கட்டிப் பல ஆண்டு ஆன மனையை 'புஞ்சை' என்றோ 'காலி நிலம்' என்றோ போட்டிருந்தால் அது வெறும் எழுத்துப் பிழை இல்லை, பின்னால் மதிப்பீட்டிலும் அதே தவறு ஒட்டிக்கொண்டு வரும். நிலத்தின் வரைபடங்களைத் தகுதி வாய்ந்த அலுவலரின் அலுவலகத்தில் பார்வையிடலாம் என்று அறிவிக்கையின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். நேரில் போய், உங்கள் புல வரைபடத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

21 நாள்

3சி பிரிவின்படி, அந்த நிலத்தில் அக்கறை உள்ள எவரும் 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நாளிதழில் வந்த தேதியிலிருந்து எண்ணலாமா, அரசிதழ்த் தேதியிலிருந்தா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல் அரசிதழ்த் தேதியிலிருந்து எண்ணுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விவரம் கேட்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரும்போது உங்கள் 21 நாள் முடிந்திருக்கும். ஆகவே தகவல் மனு ஒரு பக்கம் போகட்டும், ஆட்சேபணையைக் கையில் இருப்பதை வைத்து உடனே கொடுங்கள்.

என்ன எழுதுவது? "நாங்கள் ஏழைகள், இந்த வீட்டைத் தவிர வேறு கதி இல்லை, கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் ஒரே வரியில் தள்ளுபடியாகும். அந்த வேதனை உண்மைதான். ஆனால் அலுவலர் ஆணையில் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளை எழுப்புவதுதான் மனுவின் வேலை. உதாரணத்துக்கு இப்படி:

"புல எண் இன்னது, உட்பிரிவு இன்னதில் 0.0085 ஹெக்டேர் எடுக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. தற்போதைய சாலையின் மையக்கோட்டிலிருந்து எங்கள் பக்கம் இத்தனை மீட்டரும் எதிர்ப்பக்கம் இத்தனை மீட்டரும் எடுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம் இதே நீளத்தில் காலி அரசு நிலம் உள்ளது, வரைபடம் இணைத்துள்ளேன். மையக்கோட்டை அந்தப் பக்கம் நகர்த்தினால் இந்த வரிசையில் உள்ள வீடுகள் தப்பும். இந்த மாற்று ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கான பொறியியல் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

இப்படி அளவோடு, இடத்தோடு, மாற்று வழியோடு எழுதினால் அந்த மனுவுக்கு எடை கூடும். ஊருக்கு வெளியே ஏற்கெனவே புறவழிச்சாலை இருக்கிறதா, சேவைச் சாலைக்காகத்தான் இந்த அகலமா, புல வரைபடத்துக்கும் அறிவிக்கைப் பரப்புக்கும் வித்தியாசம் உண்டா, பரப்பில் பக்கத்து வீட்டுக்காரரின் துண்டும் சேர்ந்து வந்துவிட்டதா, இவை எல்லாமே எழுதத் தக்கவை. நெடுஞ்சாலையை ஊருக்குள் நுழைத்து அகலப்படுத்துவதா, ஊரைச் சுற்றிக் கொண்டுபோவதா என்ற முடிவு வரைபட மேசையில் நடப்பது. அந்த மேசைக்கு உங்கள் குரல் போய்ச் சேர முறையான ஒரே பாதை இந்த மனுதான்.

தெருவுக்கு ஒரே கூட்டு மனு போதும் என்று நினைக்காதீர்கள். கூட்டு மனு கொடுங்கள், அதற்கு மேல் ஒவ்வோர் உரிமையாளரும் தன் புல எண்ணைப் போட்டுத் தனி மனுவும் கொடுக்கட்டும். பதிவு வசதி சேர்த்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒன்று அனுப்பிவிட்டு, நேரில் ஒன்று கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். "முத்திரை எல்லாம் போட மாட்டோம்" என்று சொன்னாலும் தபால் ரசீது உங்களைக் காப்பாற்றும்.

ஆட்சேபணை கொடுத்தவரை அலுவலர் நேரிலோ வக்கீல் மூலமாகவோ சொல்ல வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்ட பிறகு ஆணை போட வேண்டும். அந்த விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். என்ன பேசினீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் போடும் ஆணையே இறுதி என்கிறது சட்டம். மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அலுவலரின் ஆணையை எதிர்த்துப் போடும் மனு) மட்டுமே உண்டு. ரிட்டில் நீதிபதி பார்ப்பது, உங்கள் ஆட்சேபணையை அலுவலர் கேட்டாரா, காரணம் சொன்னாரா என்பதை. ஆட்சேபணையே கொடுக்காதவருக்கு அந்த வாதமும் கிடையாது.

ஸ்டே பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலம் - சென்னை எட்டு வழிச்சாலைக்கான 3ஏ அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, விவசாயிகள் பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. 3ஏ வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கத் தேவையில்லை என்பது அதில் முக்கியமான முடிவு. நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் காரணத்தோடு போகிறோம் என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போங்கள். அனுமதியே இல்லை என்ற ஒரே வாதம் இந்தக் கட்டத்தில் நிற்காது.

3டி வந்த பிறகு

ஆட்சேபணைகளை முடித்தபின் 3டி பிரகடனம் வரும். அது அரசிதழில் வெளியான அந்த நிமிடமே, அதில் கண்ட நிலம் எந்த வில்லங்கமும் இன்றி மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது, வீட்டில் நீங்கள்தான் குடியிருப்பீர்கள், ஆனால் நிலம் உங்களுடையது இல்லை. வீட்டுக்காரர்களுக்கு மிகவும் கடுமையான பகுதி இதுதான் என்பேன்.

ஒரு பாதுகாப்பு உண்டு. 3ஏ வெளியான ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அந்த 3ஏ செல்லாமல் போகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்த ஓராண்டில் சேராது. இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பணக் கணக்கு

2015 ஜனவரி 1 முதல், தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறைதான். அது பழைய முறையைவிட எவ்வளவோ மேல்.

சந்தை மதிப்பு 3ஏ வெளியான தேதியை வைத்துக் கணக்கிடப்படும். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் அதற்கு முந்தைய மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில், விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அது. நகரப் பகுதியில் அதை ஒன்றால் பெருக்குவார்கள், அதாவது அப்படியே. கிராமப் பகுதியில் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை, அந்தந்த மாநிலம் நிர்ணயித்தபடி. அதோடு கட்டடம், மரம், கிணறு இவற்றின் மதிப்பைக் கூட்டுவார்கள். கூட்டி வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. அதற்கு மேல், நிலத்தின் சந்தை மதிப்புக்கு 3ஏ தேதியிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) போடும் வரை அல்லது இடத்தைக் கையகப்படுத்தும் வரை, எது முந்தியதோ அதுவரை ஆண்டுக்கு 12 சதவீதம்.

எண்ணை வைத்துப் பார்த்தால் புரியும். நகரத்தில் 85 சதுர மீட்டர் போகிறது, சதுர மீட்டர் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலம் 17 லட்சம். கட்டடம் 13 லட்சம். கூட்டினால் 30 லட்சம். ஆறுதல் தொகை இன்னொரு 30 லட்சம். தீர்வம் வர ஓராண்டு ஆனால் 17 லட்சத்துக்கு 12 சதவீதம், 2,04,000 ரூபாய். மொத்தம் 62,04,000. இதே இடம் 2 பெருக்கல் உள்ள கிராமப் பகுதியாக இருந்தால் நிலத்தின் பங்கு மட்டும் 34 லட்சமாகி, ஆறுதல் தொகையும் அதற்கேற்ப ஏறும். அதனால் சமீபத்தில் பேரூராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்க்கப்பட்ட ஊர் என்றால், 3ஏ வந்த அன்று உங்கள் புல எண் எதில் இருந்தது என்பதை, ஊரைச் சேர்த்த அரசு ஆணையோடு எடுத்து வையுங்கள்.

நம் ஊரில் ஒரு வேதனையான உண்மை, கிரயத்தை வழிகாட்டி மதிப்புக்கே எழுதிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம். அந்தக் கைப்பணம் எந்தக் கணக்கிலும் வராது. தெருவில் யாராவது வங்கிக் கடன் போட்டு உண்மையான விலையைக் காட்டிப் பதிவு செய்திருப்பார்கள், அந்தப் பத்திரங்கள்தான் உங்களுக்குத் துணை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். முந்தைய மூன்று ஆண்டுக்குள், அருகில், ஒத்த மனையாக இருக்க வேண்டும்.

3ஜி பிரிவின் கீழ், அக்கறை உள்ளவர்கள் கோரிக்கை தரலாம் என்று மறுபடி இரண்டு நாளிதழில் அறிவிப்பு வரும். அப்போது இந்தப் பத்திரங்களோடும் படங்களோடும் எழுத்தில் கோரிக்கை வையுங்கள். நிலத்தைத் துண்டாடுவதால் மீதி வீட்டுக்கு வரும் சேதம், வீட்டையோ கடையையோ மாற்ற வேண்டி வந்தால் ஆகும் நியாயமான செலவு, இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 3ஜியிலேயே இருக்கிறது. கேட்காமல் விட்டால் யாரும் தானாகப் போட மாட்டார்கள். பாதி வீடு போகிறவர்கள் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, முன்பகுதியை வெட்டினால் மீதி நிற்குமா என்று சான்று வாங்கிவிடுங்கள். தூணும் உத்தரமும் போன பிறகு மிஞ்சும் இரண்டு அறைகளை 'எடுக்கப்படாத பகுதி' என்று விட்டுவிட்டுப் போவதை எதிர்க்க அந்தச் சான்று இல்லாமல் முடியாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று. 2013 சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள், நகர்ப்புறத்தில் நிலமெடுப்புக்கு முன் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ அந்த இடத்தில் குடியிருந்த குடும்பமும் வருகிறது. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் பிழைப்பூதியம், பொருள்களை ஏற்றிச் செல்ல 50,000, மீள்குடியமர்வுக்கு 50,000 என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. வீட்டை இழப்பவருக்கு நகரத்தில் குறைந்தது 50 சதுர மீட்டர் கட்டிய வீடு, வேண்டாம் என்றால் அதற்குப் பதில் பணம். வாடகை ஒப்பந்தம், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, எரிவாயு ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எதில் எல்லாம் அந்த முகவரி இருக்கிறதோ அதைச் சேர்த்து மனு கொடுங்கள்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். இழப்பீட்டில் அவர்கள் பங்கு கேட்பார்கள், அதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வருமான வரி பிடித்தம் செய்வதாகச் சொன்னால் உடனே ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள்.

தொகை போதவில்லை என்றால்

தீர்வம் வந்ததும் அதன் நகலையும் மதிப்பீட்டுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பத்திரத்தை வைத்து விலை போட்டார்கள், கட்டடத்தில் தேய்மானம் கழித்தார்களா, எந்த விதியின்படி கழித்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பணத்தை வாங்கிக்கொள்ளலாம், வாங்கும்போது "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அச்சடித்த படிவத்தில் "முழு திருப்தியுடன்" என்று இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அப்புறம் நடுவரிடம் போக வேண்டும். ஆர்பிட்ரேட்டர் என்று எல்லோரும் சொல்வது இவரைத்தான். மத்திய அரசு நியமிப்பவர், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். அவருடைய முடிவும் சரியில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில், நடுவர் தீர்ப்பைப் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு மனு. அதற்கு மூன்று மாதம் கெடு, தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

நடுவர் கட்டத்தில்தான் முழுப் பலத்தையும் போட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் மாநிலத்து வழக்கு ஒன்று. இங்கே எடுத்த நிலங்களுக்குச் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரைதான் போட்டிருந்தார்கள். மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாயாக உயர்த்தியது. 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம், 34ஆம் பிரிவில் நீதிமன்றம் தொகையை மாற்றி எழுத முடியாது, ரத்து செய்யத்தான் முடியும் என்றது. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த உயர்வில் மட்டும் நியாயம் கருதிக் கைவைக்கவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று அரசியல் சாசன அமர்வு சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்று கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் நீதிமன்றத்தில் புதிதாக ஆதாரம் காட்டி விலையை ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பத்திர நகல், பொறியாளர் சான்று, படங்கள் எல்லாம் நடுவர் முன்பே கோப்பில் ஏறியிருக்க வேண்டும். நடுவர் உயர்த்திக் கொடுக்கும் தொகைக்கு, இடத்தை எடுத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி உண்டு.

1997க்கும் 2015க்கும் இடையில் நிலம் போனவர்களுக்கும் ஒரு செய்தி. அந்தக் காலத்து எடுப்புகளுக்கு ஆறுதல் தொகை கிடையாது என்று மறுத்து வந்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அது உண்டு என்றது, 2025 பிப்ரவரி 4 அன்று அந்தத் தீர்ப்பைப் பழைய எடுப்புகளுக்குப் பொருத்தக் கூடாது என்ற தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கோரிக்கையையும் நிராகரித்தது. உங்கள் அப்பா காலத்தில் போன நிலமாக இருந்தால் பழைய கோப்பை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

வீட்டை ஒப்படைப்பது

இழப்பீட்டுத் தொகை தகுதி வாய்ந்த அலுவலரிடம் செலுத்தப்பட்ட பிறகே, இடத்தை 60 நாளுக்குள் ஒப்படைக்கும்படி நோட்டீஸ் கொடுக்க முடியும். அந்த நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் 60 நாள். பணம் செலுத்தாமலே, நோட்டீஸ் இல்லாமலே பொக்லைன் வந்து நின்றால் படம் எடுங்கள், வாகன எண்ணைக் குறியுங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் தகுதி வாய்ந்த அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அன்றே வக்கீலைக் கூப்பிடுங்கள். அவசர ரிட்டுக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேறில்லை. 60 நாள் முடிந்தும் காலி செய்யாவிட்டால் காவல்துறை உதவியோடு எடுக்கலாம், அங்கே எதிர்த்து நிற்பதில் பயன் இல்லை.

இடிக்கும் முன் மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் எழுதிக் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லுங்கள், மீட்டர் கணக்கு உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. கதவு, ஜன்னல், கம்பி இவற்றை எடுத்துக்கொள்ள விடுவார்களா, அதற்குத் தொகை கழித்திருக்கிறார்களா என்பதைத் தீர்வத்தில் பாருங்கள்.

பாதி நிலம் மிஞ்சியவர்கள் உடனே நில அளவைத் துறையில் உட்பிரிவுக்கு மனு போட்டுப் புதுப் புல வரைபடமும் பட்டாவும் வாங்கிவிடுங்கள், சொத்துவரியைக் குறைக்கவும் எழுதிக் கொடுங்கள். மீதி இடத்தில் திரும்பக் கட்ட நினைத்தால் புது எல்லைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை நெடுஞ்சாலை அலுவலகத்திலும் உள்ளாட்சியிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் அஸ்திவாரம் தோண்டுங்கள்.